களத்தை விட்ட பிறகு ஜாக்கி ராபின்சன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீகுகளில் இருபதாம் நூற்றாண்டில் ஆடிய முதல் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கிய அவர் பத்துப் பருவங்கள் ஆடினார். அவரைப் பற்றி இப்பகுதியில் முன்பு எழுதியதைப் படித்த வாசகர்கள் பலரும், ஓய்வு பெற்ற பிறகு அவர் என்ன செய்தார் என்பதையே மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: பரம எதிரியான நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்குத் தம்மை விற்றுவிட்டார்கள் என்ற கோபத்தில்தான் ராபின்சன் விளையாட்டைத் துறந்தார் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

பதில்: இல்லை. திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதனாலேயே நிலைத்துவிட்ட கதை இது. 1956 டிசம்பரில் டாட்ஜர்ஸ் நிர்வாகம் அவரை ஜயன்ட்ஸ் அணிக்கு மாற்றியது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே ஓய்வு பெறுவதென்று அவர் முடிவு செய்துவிட்டார். பெரிய லீகில் நுழையும்போதே அவருக்கு வயது 28; இப்போது 38 நெருங்கிக்கொண்டிருந்தது, உடலும் முன்போல ஒத்துழைக்கவில்லை. நியூயார்க்கில் காப்பிக் கடைகள் நடத்திவந்த சாக் ஃபுல் ஓ நட்ஸ் நிறுவனத்தின் உரிமையாளர் வில்லியம் பிளாக்குடன் வேலை பற்றிய பேச்சும் முடிந்துவிட்டிருந்தது.

அப்படியானால் அணிமாற்றம் அறிவிக்கப்பட்டபோது அவர் ஏன் வாய் திறக்கவில்லை? தம் ஓய்வுச் செய்தியை முதலில் வெளியிடும் உரிமையை லுக் என்ற இதழுக்கு அவர் விற்றிருந்தார். 1957 ஜனவரியில் அந்த இதழ் வெளிவரும்வரை ஜயன்ட்ஸ் நிர்வாகத்திடமும் நிருபர்களிடமும் உண்மையைச் சொல்ல முடியாத நிலை. செய்தி வெளியானதும் நிருபர்கள் பலர் அவரைக் கடுமையாகச் சாடினார்கள். என்னால் அவரைக் குறை சொல்ல முடியவில்லை. ஒரு வீரரை எந்த அணிக்கு வேண்டுமானாலும், அவரைக் கேட்காமலேயே, நிர்வாகம் கைமாற்றலாம் என்றிருந்த காலம் அது. தம் உழைப்பு முழுவதும் அணிக்குச் சொந்தமாக இருந்தபோது, தாம் எப்போது நிறுத்துகிறோம் என்ற செய்தி ஒன்றுதான் அவருக்கே சொந்தமாக இருந்தது.

கேள்வி: காப்பி நிறுவனத்தில் அவருக்குக் கொடுக்கப்பட்டது உண்மையான வேலையா, அல்லது விளம்பரத்துக்காக அவருடைய பெயரைப் பயன்படுத்திக்கொண்டார்களா?

பதில்: பெயரால் நிறுவனத்துக்குப் பலன் இருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வேலை உண்மையானது. பணியாளர் துறைக்கான துணைத் தலைவர் என்பது அவருடைய பதவி. அமெரிக்காவின் ஒரு பெரிய நிறுவனத்தில் துணைத் தலைவரான முதல் கறுப்பினத்தவர் அவரே என்று பொதுவாகக் குறிப்பிடுவார்கள். அந்தக் கடைகளின் ஊழியர்களில் பெரும்பகுதியினர் கறுப்பினத்தவர்கள். ராபின்சன் கடை கடையாகப் போய் அவர்களைச் சந்தித்துக் குறைகளைக் கேட்டார். 1964 வரை ஏழாண்டுகள் அங்கே இருந்தார் என்பதே, அது பெயரளவிலான பொறுப்பு அன்று என்பதற்குப் போதிய சான்று.

இந்த வேலையால் அவருக்குக் கிடைத்த இன்னொன்றை நான் ஊதியத்தைவிடப் பெரிதாக மதிக்கிறேன். சமூகப் போராட்டங்களில் ஈடுபடுவதற்கு பிளாக் அவருக்கு முழுச் சுதந்திரம் அளித்திருந்தார். அதனால் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் நிதி திரட்டும் இயக்கத்துக்கு 1957இல் தலைமை ஏற்று, ஊர் ஊராகச் சென்று பேச அவரால் முடிந்தது. களத்தில் கைதட்டல் வாங்கிவந்த ஒரு விளையாட்டு வீரர், உறுப்பினர் சந்தாவும் நன்கொடையும் கேட்டு ஊர் சுற்றுபவராக மாறிய காலம் இதுதான்.

கேள்வி: அவர் அமெரிக்க அதிபர்களுக்கே கடிதம் எழுதுவாராமே? அவற்றில் என்ன எழுதினார்?

பதில்: ஐசனோவர், கென்னடி, ஜான்சன், நிக்சன் என்று அடுத்தடுத்து வந்த அதிபர்கள் அனைவருக்கும் எழுதியிருக்கிறார். அவற்றில் 1958 மே 13 தேதியிட்ட கடிதத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். அந்த மனிதரின் குரல் அதில் தெளிவாகக் கேட்கும்.

அதற்கு முந்தைய நாள் வாஷிங்டனில் கறுப்பினத் தலைவர்களின் மாநாடு ஒன்று நடந்தது. அதில் பேசிய அதிபர் ஐசனோவர், உரிமைகள் கிடைக்கும்வரை பொறுமை காக்க வேண்டும் என்று அறிவுரை சொன்னார். கூட்டத்தில் ராபின்சனும் உட்கார்ந்திருந்தார். மறுநாளே, நியூயார்க் லெக்சிங்டன் அவென்யூ முகவரி அச்சிட்ட காப்பி நிறுவனத்தின் கடிதத்தாளில், அதிபருக்கு எழுதினார். பொறுமை என்ற அந்த அறிவுரையைக் கேட்டதும் எழுந்து நின்று "ஐயோ, மறுபடியுமா!" என்று சொல்ல வேண்டும்போலத் தமக்குத் தோன்றியதாக எழுதினார். எல்லா மக்களையும்விட மிகுந்த பொறுமையோடு இருந்து வந்தவர்கள் நாங்கள்தான் என்றும், மனிதர்களின் உள்ளம் தானாக மாறட்டும் என்று ஒரு கோடியே எழுபது லட்சம் கறுப்பினத்தவர் காத்துக்கொண்டிருக்க இயலாது என்றும் எடுத்துச் சொன்னார். அதிபர் இப்படிப் பொறுமை பேசப் பேச, ஆர்கன்சா மாநில ஆளுநர் ஃபோபஸ் போன்ற இனப்பிரிவினைவாதிகளுக்கு அது ஊக்கமாகிவிடும் என்று எச்சரித்தார்.

கடிதத்தில் மரியாதைக் குறைவான சொல் ஒன்றுகூட இல்லை. அதே சமயம் குழைவும் இல்லை. களத்தில் முதல் சில ஆண்டுகள் எவ்வளவு வசைகளைக் கேட்டாலும் திருப்பிப் பேசுவதில்லை என்று டாட்ஜர்ஸ் தலைவர் பிராஞ்ச் ரிக்கியிடம் ஒப்புக்கொண்டு நடந்தவர் அவர். அதனால் பொறுமையைப் பற்றி அவருக்குப் பாடம் எடுக்கும் தகுதி அன்று யாருக்கும் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

கேள்வி: கடிதம் எழுதியதோடு சரியா, போராட்டக் களத்துக்கும் போனாரா?

பதில்: போனார். 1962இல் ஜார்ஜியாவில் கறுப்பினத்தவரின் தேவாலயங்கள் எரிக்கப்பட்டபோது, அவற்றை மீண்டும் கட்டுவதற்கான நிதி திரட்டலை முன்னின்று நடத்தினார். 1963 மே மாதம் அலபாமாவின் பர்மிங்காம் நகரில் மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்கத்தினர் தங்கியிருந்த கேஸ்டன் மோட்டலில் குண்டு வெடித்தது. அடுத்த இரண்டொரு நாளிலேயே குத்துச்சண்டை வீரர் ஃபிளாய்ட் பேட்டர்சனுடன் அந்நகருக்குப் போய்ச் சேர்ந்தார். அடுத்த மாதம், கனெடிகட் மாநிலத்தின் ஸ்டாம்ஃபோர்டில் இருந்த தம் வீட்டுப் புல்வெளியிலேயே ஜாஸ் இசைக் கச்சேரி நடத்தி, சிறைப்பட்ட போராளிகளை ஜாமீனில் எடுப்பதற்குப் பணம் சேர்த்துக் கொடுத்தார்.

கேள்வி: இவ்வளவு செய்தவர் 1960 தேர்தலில் கென்னடியை விட்டுவிட்டு நிக்சனை ஆதரித்தது ஏன்? என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

பதில்: அன்றைய நிலைமையில் வைத்துப் பார்த்தால் புரியும். அக்காலத்தில் தெற்கு மாநிலங்களின் இனப்பிரிவினைவாத அரசியல்வாதிகள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியில்தான் இருந்தார்கள். அக்கட்சியில் ராபின்சன் முதலில் ஆதரித்தது ஹியூபர்ட் ஹம்ஃப்ரியை. ஹம்ஃப்ரி வேட்பாளர் போட்டியிலிருந்து விலகிய பிறகு, அதே கட்சியின் கென்னடியை ராபின்சன் சந்தித்தார். பேசும்போது கென்னடி தம் கண்ணைப் பார்க்கவில்லை என்பதும், கறுப்பின மக்களை அதிகம் அறிந்திராதவர் என்பதும் அவருக்கு உறுத்தின. குடியரசுக் கட்சியின் நிக்சனோ சிவில் உரிமைச் சட்டங்களில் அக்கறை உள்ளவராக அப்போது தோன்றினார். இரு கட்சிகளிலும் கறுப்பினத்தவர் இருந்தால்தான் இரு கட்சிகளும் அவர்களை மதிக்கும் என்பது ராபின்சனின் உறுதியான கருத்து. இந்த நிலைப்பாட்டுக்காக, நியூயார்க் போஸ்ட் நாளிதழில் எழுதிவந்த பத்தியையும் இழந்தார்.

அந்த அக்டோபரில் கிங் ஜார்ஜியாவில் சிறையில் அடைக்கப்பட்டபோது, தலையிடுமாறு ராபின்சன் நிக்சனை வற்புறுத்தினார். நிக்சன் அசையவில்லை. கென்னடி கிங்கின் மனைவியைத் தொலைபேசியில் அழைத்து ஆறுதல் சொன்னார். ராபின்சனுக்கு அது பெரிய அடி. அப்போதே விலகியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. பிற்காலத்தில் அவரும் தம் ஆதரவை நினைத்து வருந்தினார். ஆனாலும் குடியரசுக் கட்சியின் மிதவாதிகள் மீது வைத்த நம்பிக்கையை உடனே கைவிடவில்லை. 1964இல் நெல்சன் ராக்கஃபெல்லரின் தேர்தல் பணிக்காகவே காப்பி நிறுவனப் பதவியை விட்டார். அந்த ஆண்டு கட்சி மாநாடு, இனப் பாகுபாட்டைத் தடை செய்த 1964 சிவில் உரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த பேரி கோல்ட்வாட்டரை வேட்பாளராக்கியதும், ஜனநாயகக் கட்சியின் ஜான்சனை ஆதரித்தார். 1966இல் நியூயார்க் ஆளுநர் ராக்கஃபெல்லரின் சிறப்பு உதவியாளராகச் சேர்ந்தவர், 1968இல் நிக்சன் மீண்டும் வேட்பாளரானபோது எதிரணியின் ஹம்ஃப்ரிக்காகப் பேசினார். கட்சிக்காரராக இருக்கத் தெரியாதவர் என்று அவரைச் சிலர் குறை சொன்னார்கள். கட்சி எதுவானாலும், கறுப்பின மக்களுக்கு என்ன செய்வீர்கள் என்ற ஒரே கேள்வியைத்தான் அவர் கேட்டார் என்பதை அவர்கள் கவனிக்கத் தவறிவிட்டார்கள்.

கேள்வி: அவர் வங்கி தொடங்கியதாகப் படித்தேன். விளையாட்டு வீரருக்கும் வங்கிக்கும் என்ன தொடர்பு?

பதில்: வாக்குச்சீட்டும் பணமும் சேர்ந்து கையில் இருந்தால்தான் கறுப்பின மக்கள் தலைநிமிர முடியும் என்று ராபின்சன் மேடைதோறும் சொல்லிவந்தார். நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் கறுப்பினத்தவர் ஒருவர் வீடு வாங்கவோ கடை வைக்கவோ கடன் கேட்டால், மற்ற வங்கிகள் பெரும்பாலும் கைவிரித்துவிடும். வீடு வாங்குவதில் உள்ள இடர்ப்பாட்டை ராபின்சன் தம்பதியே கனெடிகட்டில் நேரில் அனுபவித்திருந்தார்கள். வீட்டைக் காட்ட முகவர்கள் தயங்கினார்கள், பேசி முடித்த விலை திடீரென்று ஏறியது. ஆகவே கறுப்பினத்தவரே உரிமையாளர்களாக இருந்து நடத்தும் ஃப்ரீடம் நேஷனல் வங்கி 1964இல் நிறுவப்பட்டபோது, அதன் நிர்வாகக் குழுத் தலைவர் பொறுப்பை ராபின்சன் ஏற்றார். ஹார்லத்தின் 125ஆவது தெருவில் இயங்கிய அந்த வங்கி அவர் மறைவுக்குப் பிறகும் பல ஆண்டுகள் நடந்து, 1990இல் மூடப்பட்டது. முடிவு எப்படி இருந்தாலும், கால் நூற்றாண்டுக் காலம் அந்தப் பகுதி மக்கள் கடன் கேட்டுப் படியேற ஒரு வாசல் திறந்திருந்தது.

1970இல், குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கு வீடு கட்டித் தரும் நோக்கத்துடன் கட்டுமான நிறுவனம் ஒன்றையும் தொடங்கினார். அப்போது அவருடைய உடல்நிலை மிகவும் தளர்ந்திருந்தது. அவர் மறைந்த பிறகு அந்தப் பணியை ஏற்று நடத்திய மனைவி ரேச்சல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் உருவாகக் காரணமாக இருந்தார்.

கேள்வி: அக்காலத்து வீரர்களுக்கு ஓய்வூதியம் உண்டா?

பதில்: உண்டு. ராபின்சன் களமிறங்கிய அதே 1947இல்தான் பெரிய லீகுகளின் ஓய்வூதியத் திட்டமும் தொடங்கியது. ஆனால் 1980க்கு முன்பு, சில ஆண்டுகளாவது பெரிய லீகில் ஆடியவருக்கே அது கிடைத்தது. இப்போது 43 நாள் பணி இருந்தாலே ஓய்வூதியத்துக்குத் தகுதி உண்டு. முழுத் தொகை பெறப் பத்தாண்டுகள் வேண்டும். 1980க்கு முந்தைய விதியால் விடுபட்டுப்போன பழைய வீரர்களுக்கு, 2011இல்தான் ஆண்டுக்கு அதிகபட்சம் 10,000 டாலர் என்ற அளவில் ஓரளவு தொகை தர ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் முதுமையை எட்டிய பிறகு வந்த மிகக் காலதாமதமான நீதி இது.

கேள்வி: அவருடைய மகன் இளம் வயதில் இறந்தது எப்படி?

பதில்: ராபின்சனின் வாழ்க்கையில் எழுதுவதற்கே கடினமான பகுதி இது. மூத்த மகன் ஜாக்கி ஜூனியர், புகழ்பெற்ற தந்தையின் பெயரையே சுமந்துகொண்டு வளர்ந்தவர். இராணுவத்தில் சேர்ந்து 1965இல் வியட்நாமில் காயமடைந்தார். திரும்பியபோது போதைப் பழக்கத்துக்கு ஆளாகியிருந்தார். 1968இல் கைது செய்யப்பட்ட பிறகு டேட்டாப் என்ற மறுவாழ்வு மையத்தில் சேர்ந்து மெல்ல மெல்ல மீண்டு, அதே மையத்தில் மற்றவர்கள் மீளவும் துணை நின்றார். அந்த மையத்துக்கு நிதி திரட்ட, பெற்றோர் வீட்டில் ஜாஸ் கச்சேரி ஒன்றுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்த நேரத்தில், 1971 ஜூன் 17 அன்று கார் விபத்தில் இறந்தார். வயது 24. துக்கம் நடந்த அதே மாதத்தில், மகன் திட்டமிட்ட அந்தக் கச்சேரியைப் பெற்றோர் நிறுத்தாமல் நடத்தினார்கள்.

வெளியூர்க் கூட்டங்களுக்கும் நாட்டின் பிள்ளைகளுக்கும் கொடுத்த நேரத்தைத் தம் பிள்ளைக்குக் கொடுக்கவில்லையோ என்ற வேதனை அவருக்கு இருந்தது. அதைப் பொதுமேடைகளிலேயே மறைக்காமல் பேசினார். போதைப் பழக்கம் உள்ள மகனைப் பற்றிப் பிரபலமான குடும்பங்கள் மூடி மறைத்த காலத்தில் அவர் அப்படிப் பேசியதால், வேறு எத்தனையோ பெற்றோர்களுக்கு வாய் திறக்கும் துணிவு வந்திருக்கும்.

கேள்வி: பேஸ்பால் உலகம் அவருக்கு ஏன் ஒரு வேலைகூடத் தரவில்லை?

பதில்: இந்தக் கேள்வியை அவரே கடைசி மூச்சுவரை கேட்டுக்கொண்டிருந்தார், தமக்காக மட்டும் அல்லாமல். கௌரவங்கள் கிடைத்தன. 1962இல் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ்மன்றத்துக்கு, தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே, 160 வாக்குகளில் 124 பெற்றுத் தேர்வானார். அங்கே இடம்பெற்ற முதல் கறுப்பின வீரரும் அவரே. ஏற்பு விழாவில் தாய் மேலியையும் மனைவி ரேச்சலையும் பிராஞ்ச் ரிக்கியையும் அருகில் அழைத்து, இந்தப் பெருமை இவர்களுக்கும் உரியது என்றார். 1965இல் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் ஆட்ட வர்ணனையும் செய்தார். ஆனால் ஆட்டத்தின்போது அணியை நடத்தும் மேலாளர் பதவியோ, அணி அலுவலகத்தில் முடிவெடுக்கும் பொறுப்போ அவரைத் தேடி வரவில்லை. அவரை மட்டும் ஒதுக்கினார்கள் என்று சொல்ல முடியாது. அன்று எந்தக் கறுப்பினத்தவருக்கும் மேலாளர் பதவி தரப்படவில்லை. பெரிய லீகில் கறுப்பினத்தவர் ஒருவர் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டதே 1962இல்தான். சிகாகோ கப்ஸ் அணியின் பக் ஓ நீல் அவர்.

அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு இனிக்கும்படி நடந்துகொள்ள ராபின்சன் முயலவும் இல்லை. தம்மை அணிமாற்றம் செய்ததை ஏற்க மறுத்து, வீரரை அணியோடு கட்டிப்போடும் ஒப்பந்த விதியை எதிர்த்துக் கர்ட் ஃபிளட் என்ற வீரர் வழக்குத் தொடுத்தார். 1970 மே மாதம் நியூயார்க் நீதிமன்றத்தில் விசாரணை நடந்தபோது, அப்போது ஆடிக்கொண்டிருந்த வீரர் ஒருவர்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அணி உரிமையாளர்களுக்கு அவ்வளவு பயம். ஓய்வு பெற்றுப் பதினான்கு ஆண்டுகள் நெருங்கிய ராபின்சன், நரைத்த தலையும் சர்க்கரை நோயால் மங்கிய கண்களுமாக வந்து, ஒருதலைப்பட்சமான அந்த விதிக்கு எதிராகச் சாட்சி சொன்னார். இந்த வழக்கின் முடிவால் அவருக்குக் கிடைக்கப்போவது எதுவும் இல்லை. அவருடைய மொத்த வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த நாள் எது என்று கேட்டால், 1955இல் டாட்ஜர்ஸ், ஆண்டின் வெற்றியணியைத் தீர்மானிக்கும் உலகத் தொடரை வென்ற நாளைச் சொல்ல மாட்டேன். இந்த நாளைத்தான் சொல்வேன். ஃபிளட் 1972இல் உச்ச நீதிமன்றத்தில் 5-3 என்ற கணக்கில் தோற்றார். ஆனால் 1975 டிசம்பரில் வேறு இரு வீரர்களின் வழக்கில், தகராறுகளைத் தீர்க்க நியமிக்கப்பட்ட நடுவர் அளித்த தீர்ப்பு, அந்த விதியை உடைத்தது.

1972 அக்டோபர் 15 அன்று, சின்சினாட்டியில் நடந்த உலகத் தொடர் ஆட்டத்துக்கு முன்பு, அவர் பெரிய லீகுக்கு வந்த இருபத்தைந்தாம் ஆண்டைச் சிறப்பித்து விழா எடுத்தார்கள். நன்றி சொன்ன கையோடு, மூன்றாம் பேஸ் பக்கம் திரும்பிப் பார்த்து அங்கே ஒரு கறுப்பின மேலாளர் அணியை நடத்துவதைக் காணும் நாளில் தாம் இன்னும் பெருமைப்படுவேன் என்று அத்தனை பேர் முன்னிலையிலும் சொன்னார். ஒன்பது நாள் கழித்து, அக்டோபர் 24 அன்று, ஸ்டாம்ஃபோர்டு வீட்டில் மாரடைப்பால் காலமானார். 53 வயதுதான். 1975 ஏப்ரலில் கிளீவ்லாந்து அணியின் மேலாளராக ஃபிராங்க் ராபின்சன் பொறுப்பேற்று, பெரிய லீகின் முதல் கறுப்பின மேலாளரானார். உறவினர் அல்லர், பெயர் ஒற்றுமைதான். முதல் ஆட்டத்தின் தொடக்கப் பந்தை எறிய ரேச்சலை அழைத்திருந்தார்கள்.

கேள்வி: அவருடைய குடும்பத்தினர் பின்னர் என்ன செய்தார்கள்?

பதில்: ரேச்சல் கணவரின் புகழை வைத்து வாழ்ந்தவர் அல்லர். செவிலியர் கல்வி பெற்று, யேல் பல்கலைக்கழகத்தின் செவிலியர் பள்ளியில் உதவிப் பேராசிரியராகப் பணியாற்றியவர். கணவர் மறைந்த மறு ஆண்டே, 1973இல், ஜாக்கி ராபின்சன் அறக்கட்டளையை நிறுவினார். சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த மாணவர்களுக்குக் கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை தருவதோடு நிற்காமல், படிப்பு முடியும்வரை வழிகாட்டிகளையும் ஏற்படுத்தித் தருவது அதன் முறை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இதனால் படித்து முடித்திருக்கிறார்கள். மகள் ஷாரன், பெரிய லீக் அமைப்பின் கல்வித் திட்டங்களில் பணியாற்றினார். இளைய மகன் டேவிட், ஆப்பிரிக்காவில் தான்சானியாவுக்குக் குடிபெயர்ந்து காப்பி பயிரிட்டு, அங்குள்ள சிறு விவசாயிகளோடு சேர்ந்து விற்பனையும் செய்துவருகிறார்.

1997இல் ராபின்சன் அணிந்து ஆடிய 42 என்ற எண்ணை எல்லா அணிகளும் நிரந்தரமாக ஒதுக்கிவைத்தன. இப்போது ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 அன்று மட்டும் எல்லா வீரர்களும் அதை அணிகிறார்கள். ராபின்சனின் பொதுப் பணிகளுக்கும் இடம் கொடுக்கும் அருங்காட்சியகம் 2022 ஜூலையில் நியூயார்க்கில் திறக்கப்பட்டது. திறப்பு விழாவுக்கு நூறு வயது நிறைந்த ரேச்சல் நேரில் வந்திருந்தார்.